கிணற்றிலும் குகையிலும் ஒரே இதயம்

மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் தண்ணீருக்குள் முங்குகிறார். கைகால்கள் உழைக்கின்றன, நெஞ்சில் காற்றுக்கான தவிப்பு ஏறுகிறது, கீழே போகப் போக வெளிச்சம் குறைகிறது. இந்த நிலையில் இதயம் படபடவென்று அடித்துக்கொள்ளும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். நடப்பது நேர்மாறானது. முகம் நனைந்து மூச்சு நின்ற சில நொடிகளிலேயே இதயம் தன் வேகத்தைக் குறைக்கிறது. நிமிடத்துக்கு 75 முறை துடித்த இதயம் 50க்கு இறங்குவது மிகச் சாதாரணம். நெடுங்காலம் பழகிய முக்குளிப்பாளர்களிடம் அது 30க்கும் கீழே போவதை அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும், ஆழம் இதயத்தை நசுக்கிச் சோர்வடையச் செய்கிறது என்று முடிவு கட்டத் தோன்றும். அந்த முடிவு தவறு. வேகம் குறைவது இதயம் தோற்பதன் அடையாளம் அல்ல, உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு. நீருக்கடியில் இதயத்துக்கு வரும் ஆபத்தின் பெரும்பங்கு ஆழத்திலிருந்து வருவதில்லை. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கட்டளைகள் ஒரே நேரத்தில் இதயத்துக்கு வந்து சேர்வதும், அந்த நேரத்தில் மேலே வர வழி இல்லாமல் போவதும்தான் அதற்குக் காரணம். நீர் நிறைந்த குகைக்குள் மனிதர் போவது ஏன் இவ்வளவு அபாயகரமானது என்ற கேள்விக்கான விடையும் இதற்குள்தான் இருக்கிறது.

மதுரைக்கு அருகிலுள்ள வாடிப்பட்டியைச் சுற்றி நீர் நிறைந்த குகைகள் கிடையாது. சிறுமலை அடிவாரத்திலிருந்து மதுரைச் சமவெளிவரை நிலத்தடியில் இருப்பது சார்னகைட், நைஸ் வகைக் கடும்பாறை. மெக்சிகோவிலும் ஃப்ளோரிடாவிலும் உள்ளதுபோன்ற நீர்க்குகைகள் உருவாக, தண்ணீரில் கரையக்கூடிய சுண்ணாம்புப் பாறை பரந்து கிடக்க வேண்டும். ஆனால் கடும்பாறை நாட்டுக்கு அதற்கே உரிய ஆழம் ஒன்று உண்டு. வெடி வைத்துத் தோண்டிய பாசனக் கிணறுகள் அவை. பெரியாறு கால்வாயில் தண்ணீர் ஓடும் பருவத்தில் ஊற்று ஏறி அவை நிறைந்து நிற்கும். பல தலைமுறைகள் இந்தக் கிணறுகளில்தான் நீச்சல் கற்றன. உள்நீச்சல் போட்டி, அடிமண்ணைக் கையில் அள்ளி வந்து காட்டும் பந்தயம், மோட்டார் குழாயின் ஃபுட்வால்வில் அடைத்த குப்பையை எடுக்க ஒருவர் தம் கட்டி இறங்குவது என்று மூச்சடக்கிய முக்குளிப்பு இந்த மண்ணின் அன்றாடத்தில் கலந்தது. 30 அடி நீர் உள்ள ஒரு கிணற்றின் அடியில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அங்கே நுரையீரலில் உள்ள காற்று பாதி அளவாகச் சுருங்குகிறது. உலகின் ஆழமான குகையில் இறங்குபவரின் இதயத்தில் நடப்பவற்றில் பெரும்பாலானவை இந்த 30 அடிக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன. ஆகவே குகையைப் புரிந்துகொள்ளக் கிணறு போதுமான ஆய்வுக்கூடம்.

முதல் கட்டளை முகத்திலிருந்து புறப்படுகிறது. நெற்றி, கண்களைச் சுற்றிய பகுதி, மூக்கு ஆகிய இடங்களில் பரவியிருக்கும் முப்பெரு நரம்பின் நுனிகள் நீரின் குளிர்ச்சியை உணர்ந்து மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. கூடவே மூச்சு நின்றிருக்கிறது என்ற செய்தியும் வந்தால், மூளைத்தண்டு வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துக்கு 'மெதுவாகு' என்று ஆணையிடுகிறது. வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயம் வேகம் குறையும் என்பதை ஜெர்மனியின் வேபர் சகோதரர்கள் 1845இல் காட்டினார்கள். அந்த ஆணை ஒரு வேதிப்பொருளாகவே இதயத்தை அடைகிறது என்பதை ஓட்டோ லோவி 1921இல் இரண்டு தவளை இதயங்களை வைத்து நிறுவினார். ஒன்றின் வேகஸைத் தூண்டி, அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து மற்றொன்றின்மேல் விட்டபோது, நரம்பே தூண்டப்படாத இரண்டாவது இதயமும் மெதுவானது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். இந்த ஆணைக்கு மன உறுதியோ பயிற்சியோ தேவையில்லை. கைக்குழந்தையிடமும் இது உண்டு. தொட்டித் தண்ணீரில் முகத்தை மட்டும் அமிழ்த்தி மூச்சை அடக்கினாலும் இது வேலை செய்யும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இந்த ஆராய்ச்சிகளில் பல குளிர்நாடுகளில் நடந்தவை, நம் கிணற்று நீரோ சூடானதாயிற்றே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பனிக்கட்டி போன்ற நீர் உண்டாக்கும் குளிரதிர்ச்சி மதுரைப் பக்கம் வர வாய்ப்பில்லை. ஆனால் முகத்தின் உணர்நுனிகள் நீரின் வெப்பநிலையை மட்டும் அளப்பதில்லை, முந்தைய நொடிவரை தோல் எந்த வெப்பத்தில் இருந்தது என்பதையும் சேர்த்தே எடைபோடுகின்றன. எரிகா ஷாகடாயும் போரிஸ் ஹோல்மும் ஸ்வீடனில் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. நீரின் வெப்பநிலை மாறாமல் இருந்தாலும், சுற்றியுள்ள காற்று எவ்வளவு சூடாக இருந்ததோ அவ்வளவு அதிகமாக இதயத் துடிப்பு குறைந்தது. சித்திரை வெயிலில் 40 டிகிரியில் காய்ந்த முகம் அதைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைந்த கிணற்று நீரில் விழும்போது, வெப்பமானி எதைக் காட்டினாலும், நரம்புக்கு அது குளிர்ந்த நீர்தான். வெயில் உச்சியில் கிணற்றில் குதிப்பதில் உள்ள சுகமும் இந்தக் கட்டளையின் வலுவும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன.

இதயம் மெதுவாவது ஏற்பாட்டின் ஒரு பாதி மட்டுமே. அதே நேரத்தில் கைகால், தோல், குடல் ஆகியவற்றுக்குப் போகும் நுண்தமனிகள் இறுகுகின்றன. பெரியாறு பாசனத்தில் தண்ணீர் போதாத ஆண்டில் முறை வைத்து, சில மடைகளை அடைத்து, பயிர் கருகும் நிலையில் உள்ள வயலுக்கு மட்டும் திருப்பிவிடுவதைப்போல, உடல் தன்னிடம் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்குகிறது. வாத்துகளைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி அவற்றின் இதயம் மெதுவாவதை பால் பெர்ட் 1870இலேயே எழுதிவைத்தார். அதன் பொருளை விளக்கியவர் நார்வேயில் வளர்ந்த பெர் ஸ்கோலாண்டர். 1940இல் வெளியான அவருடைய சீல் ஆய்வுகளில் ஒரு சான்று முக்கியமானது. சீல் நீருக்குள் இருந்த நேரம் முழுதும் அதன் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் அதிகம் ஏறவில்லை. மேலே வந்து மூச்செடுத்த பிறகுதான் அது வெள்ளமாகப் பெருகியது. தசைகள் ஆக்சிஜன் இல்லாமல் உழைத்து அந்த அமிலத்தை உண்டாக்கிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவற்றுக்குப் போகும் ரத்தவழி அடைபட்டிருந்ததால் அது வெளியே வர முடியவில்லை. இதே ஸ்கோலாண்டர் 1962இல் ஆஸ்திரேலியாவின் வடக்கே முத்துக்குளிப்பவர்களிடம் அளந்தபோது, மனிதரிடமும் அதே ஏற்பாட்டின் மெல்லிய வடிவம் தெரிந்தது.

இனி அழுத்தத்துக்கு வருவோம். கழுத்தளவு நீரில் நின்றாலே கால்களிலும் வயிற்றிலும் தேங்கியிருக்கும் ரத்தத்தை நீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் ரத்தம் கூடுதலாக நெஞ்சுக்குள் வருவதை 1972இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்தார்கள். இதயத்தின் அறைகள் விரிகின்றன. உடலில் தண்ணீர் மிகுந்துவிட்டது என்று இதயம் எடுத்துக்கொள்கிறது, சிறுநீர் பெருகுகிறது. கிணற்றில் நெடுநேரம் ஆடியவர்கள் அடிக்கடி மேலேறி ஒதுங்குவதற்கு இதுவே காரணம். ஆழம் கூடும்போது இந்த ரத்த நகர்வு இன்னொரு வேலையும் செய்கிறது. 1960களில்கூட, சுமார் 50 மீட்டருக்குக் கீழே மூச்சடக்கிப் போகும் மனிதரின் நெஞ்சுக்கூடு நொறுங்கிவிடும் என்று எச்சரித்த உடலியல் அறிஞர்கள் இருந்தார்கள். காற்று சுருங்கச் சுருங்க நுரையீரல் ஓர் எல்லைக்குமேல் சுருங்க முடியாது, அதன்பின் எலும்புதான் உடைய வேண்டும் என்பது அவர்களின் கணக்கு. அமெரிக்கக் கடற்படையின் ராபர்ட் கிராஃப்ட் அந்த எல்லையைத் தாண்டி இறங்கி உயிரோடு மீண்டார். 1968இல் அவரிடம் நடந்த அளவீட்டில், ஆழத்தில் ஒரு லிட்டர் அளவுக்கு ரத்தம் நெஞ்சுக்குள் நுழைந்து, சுருங்கிய காற்றின் இடத்தை நிரப்பியிருந்தது தெரிந்தது. 1976இல் முக்குளிப்பாளர் ழாக் மாயோல் மூச்சடக்கியே 100 மீட்டரைத் தொட்டார். கணக்கில் விட்டுப்போனது ரத்தம் இடம்பெயரும் என்ற உண்மைதான்.

தமிழ்நாட்டில் இந்த உடலியலின் மிகப் பழைய சாட்சி மன்னார் வளைகுடா. பாண்டியரின் கொற்கைக் காலத்திலிருந்து 1961இல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்புவரை, அங்கே மனிதர்கள் இயந்திரம் எதுவும் இல்லாமல் கடலடிக்குப் போய்வந்தார்கள். கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது முதல் பதினெட்டு மீட்டர்வரை இறங்கி, சுமார் ஒரு நிமிடத்தில் சிப்பிகளை அள்ளிக்கொண்டு, மேலே தோணியில் இருப்பவர் கயிற்றை இழுக்க ஏறிவருவார்கள். இந்த முறையை உடலியல் கண்ணால் பார்த்தால் அதன் நுட்பம் புரியும். இறங்குவதற்குக் கல் உழைக்கிறது, ஏறுவதற்குக் கயிறு பிடிப்பவர் உதவுகிறார். முங்குபவரின் தசைகள் செலவிடும் ஆக்சிஜன் மிகக் குறைவு. வேகஸ் ஆணை தடையில்லாமல் வேலை செய்ய ஏற்ற ஏற்பாடு இது. இன்னொரு வழக்கத்தையும் நான் இதனோடு சேர்த்தே பார்க்கிறேன். சுறாக்களை மந்திரத்தால் கட்டுபவர் என்று நம்பப்பட்ட 'கடல்கட்டி' வந்து சடங்கு செய்யாமல் முத்துக்குளிப்பவர்கள் நீரில் இறங்க மறுத்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இக்கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அப்படி மந்திரம் செய்பவருக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதை எழுதுகிறார். ஆங்கிலேயர் ஆட்சியிலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. மந்திரம் சுறாவைக் கட்டியிருக்காது. ஆனால் அது முங்குபவரின் அச்சத்தைக் கட்டியது. நீருக்கடியில் இதயத்துக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை.

முத்துக்குளிப்பவர்கள் பரம்பரையாகத் தனி உடல் வாய்த்தவர்கள், அவர்களைக் காட்டி எல்லோருக்கும் பொதுவான முடிவு சொல்லலாமா என்ற மறுப்பையும் ஒதுக்கிவிட முடியாது. இந்தோனேசியக் கடலில் வாழும் பஜாவ் மக்களின் மண்ணீரல், அக்கம்பக்கத்து உழவர்களின் மண்ணீரலைவிட ஏறத்தாழ பாதி அளவு பெரியது என்று 2018இல் ஒரு மரபணு ஆய்வு கண்டது. மண்ணீரல் சுருங்கும்போது சேமித்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் விடும் என்பதால் அது முக்குளிப்பவருக்குக் கூடுதல் ஆக்சிஜன். ஆகவே தலைமுறை தலைமுறையாக முங்குவது உடலை மாற்றக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே மாறியிருப்பது சேமிப்பின் அளவு. இதயத்தை மெதுவாக்கும் ஆணை எல்லா மனிதருக்கும் பொது. பயிற்சி அதைக் கூர்மையாக்குமே தவிர, புதிதாக உண்டாக்குவதில்லை.

இரண்டாவது கட்டளை அச்சத்தின் கட்டளை. காலில் கொடி சுற்றிக்கொண்டாலோ, கையிலிருந்த கயிறு நழுவினாலோ, மூச்சு இனித் தாங்காது என்று தோன்றினாலோ, பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொண்டு அட்ரினலினைப் பாய்ச்சுகிறது. 'வேகமாக ஓடு' என்கிறது அது. தரையில் இந்த இரண்டு நரம்பு மண்டலங்களும் பெரும்பாலும் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். நீருக்கடியில் மட்டும் இரண்டும் உச்சத்தில் ஒன்றாகப் பேசுகின்றன. இங்கிலாந்தின் மைக் டிப்டனும் மைக்கேல் ஷாட்டாக்கும் 2012இல் இந்த மோதலை ஒரு தனி மரண வழியாகவே முன்வைத்தார்கள். வேகஸ் ஆணை இதயத்தின் மேலறைகளில் தொடங்கும் துடிப்பைத் தாமதப்படுத்துகிறது, அட்ரினலின் கீழறைகளின் தசையைத் தானாகத் துடிக்கத் தூண்டுகிறது. இடைவெளி விழுந்த இடத்தில் முறை தவறிய துடிப்புகள் நுழைகின்றன. குளிர்ந்த நீரில் தலை வெளியே இருக்க மூச்சு விட்டுக்கொண்டிருந்த உடல்நலமிக்க தன்னார்வலர்களிடம் இப்படிப்பட்ட தாளப்பிசகு அரிதாகவே இருந்தது. முகத்தையும் அமிழ்த்தி மூச்சடக்கியபோது பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் அது தோன்றியது. அதிலும் மூச்சை விட்ட அடுத்த சில நொடிகளில்தான் மிகுதி. பெரும்பாலோருக்கு அது வந்த சுவடு தெரியாமல் போய்விடும். இதயத்தில் ஏற்கெனவே ஒரு குறை இருப்பவருக்கு அப்படிப் போகாது.

ஆழமே ஆபத்து என்பவர்கள் கையில் வலுவான சான்று ஒன்று இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. இத்தாலியின் புகழ்பெற்ற முக்குளிப்புக் குடும்பமான மயோர்க்காக்களை அழுத்த அறைக்குள் நீரில் அமிழ்த்தி, 40 முதல் 55 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தத்தில் ஃபெரிக்னோவும் குழுவினரும் அளந்த முடிவுகள் 1997இல் வந்தன. துடிப்பு நிமிடத்துக்கு 20, 30 என்ற அளவுக்கு விழுந்தது, முறை தவறிய துடிப்புகள் அடிக்கடி வந்தன, ரத்த அழுத்தம் ஒருவரிடம் 280/200 என்ற நம்ப முடியாத எண்ணைத் தொட்டது. ஓய்வில் இருப்பவருக்கு இந்த எண்கள் வந்தால் மருத்துவமனை பரபரப்பாகிவிடும். ஆனால் இந்த எண்களோடு சேர்த்துப் படிக்க வேண்டியது, அவர்கள் ஒவ்வொருவரும் நலமாக வெளியே வந்தார்கள் என்பதை. உச்ச அழுத்தமும் தாளப்பிசகும் நீடித்தது சிறிது நேரம், வெளியே வரும் நேரம் தெரிந்திருந்தது, கைக்கெட்டும் தொலைவில் உதவியும் இருந்தது. ஆழம் இதயத்தை அதன் தாங்கும் விளிம்புக்குக் கொண்டுபோகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். விளிம்பிலிருந்து தள்ளிவிடுவது வேறொன்று.

அந்த வேறொன்றைக் குகை முழுமையாக வைத்திருக்கிறது. குகைக்குள் போகிறவர் மூச்சடக்குவதில்லை, சிலிண்டரிலிருந்து மூச்செடுத்துக்கொண்டே இருக்கிறார். அதனால் வேகஸ் ஆணை பலவீனமாகவே வருகிறது, முகக்கண்ணாடி நெற்றியையும் கண்களையும் மூடுவதால் இன்னும் குறைகிறது. நெஞ்சுக்குள் ரத்தம் பெருகுவது மட்டும் முழு அளவில் நிகழ்கிறது. கூடவே புதிய சுமை ஒன்று சேர்கிறது. 40 மீட்டர் ஆழத்தில் காற்று ஐந்து மடங்கு அடர்த்தியானது. மேற்பரப்பில் லிட்டருக்குச் சுமார் 1.2 கிராம் இருக்கும் காற்று அங்கே ஆறு கிராம். இவ்வளவு கனத்த வாயுவை இழுத்து விடுவதே உழைப்பு. ஆறு கிராமைத் தாண்டினால், உழைக்கும் முக்குளிப்பாளரால் கார்பன் டை ஆக்சைடை முழுதாக வெளியேற்ற முடியாமல் போவது பல மடங்கு கூடுகிறது என்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. தேங்கும் கார்பன் டை ஆக்சைடு மூச்சுத்திணறலையும் பீதியையும் உண்டாக்குகிறது. பீதி மூச்சை வேகப்படுத்துகிறது. வேகமான ஆழமற்ற மூச்சு இன்னும் குறைவாகவே கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. 2005 ஜனவரி 8 அன்று தென்னாப்பிரிக்காவின் போஸ்மன்ஸ்காட் குகையில் சுமார் 270 மீட்டர் ஆழத்தில் முக்குளிப்பாளர் டேவிட் ஷா இறந்தது இந்தச் சுழலில்தான். பத்தாண்டுகளுக்கு முன் அங்கே இறந்த ஓர் இளைஞரின் உடலை மீட்கப் போயிருந்தார். உடலை விடுவிக்கச் செய்த சிறு வேலையே அந்த அடர்த்தியில் பெரும் உழைப்பாகிவிட்டதை அவருடைய தலைக்கவசக் கேமரா பதிவு செய்திருந்தது. அவரை வீழ்த்தியது முதலில் மூச்சுதான்.

அப்படியானால் இதயத்தைப் பற்றி ஏன் இத்தனை பேச வேண்டும்? குகை விபத்துகளை ஆராய்ந்தவர்கள் சொல்லும் காரணங்கள் வேறு. வெளியே வரை தொடரும் வழிகாட்டிக் கயிறு இல்லாதது, காற்றில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே போகவும், ஒரு பங்கைத் திரும்பவும், ஒரு பங்கை ஆபத்துக்கும் ஒதுக்காதது, தகுதிக்கு மீறிய ஆழம். குகை முக்குளிப்பாளர் ஷெக் எக்ஸ்லி 1979இல் எழுதிய கையேட்டின் சாரம் இதுதான், அதைப் பின்பற்றியதால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் பல. 1992 முதல் 2003 வரை நிகழ்ந்த 947 சாதாரண ஸ்கூபா மரணங்களை ஆராய்ந்த ஓர் அமெரிக்க ஆய்வும், விபத்தைத் தொடங்கிவைத்த காரணங்களில் காற்றுப் பற்றாக்குறைக்கு 41 சதவீதமும், சிக்கிக்கொள்வதற்கு 20 சதவீதமும் தந்தது. ஆனால் அதே ஆய்வு, ஆளைச் செயலிழக்கச் செய்தது எது என்று தனியாகக் கேட்டபோது, ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இதயம் காரணமாக இருந்தது, அதிலும் நாற்பது வயது கடந்தவர்களிடம் மிகுதி. இரண்டு கேள்விகளும் வேறு வேறு. காற்று ஏன் தீர்ந்தது என்று மேலும் ஒரு படி கேட்டால், துடிப்பு ஏறிய உடல் அமைதியான உடலைவிடப் பல மடங்கு காற்றைத் தின்றுவிடும் என்ற இடத்துக்கே வந்து சேர்வோம். மூன்றில் ஒரு பங்கு என்ற விதி அமைதியாக இருப்பவரின் மூச்சை வைத்துப் போட்ட கணக்கு. திறந்த நீரில் பயந்தவர் மேலே வந்துவிடலாம். குகையில் தலைக்குமேல் பாறை. பயத்தின் கட்டளை சொல்லும் ஒரே செயலான 'மேலே ஓடு' என்பது அங்கே பயனற்றது. கட்டளை நிறைவேறாததால் அது ஓய்வதும் இல்லை.

இதற்கு மிகத் தெளிவான சான்று 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் கிடைத்தது. ஜூன் 23 அன்று உள்ளே போய் வெள்ளத்தில் சிக்கிய சிறுவர்கள் 12 பேரும் அவர்களின் பயிற்றுநரும் ஜூலை 2 அன்று கண்டுபிடிக்கப்பட்டார்கள். வெளியே எடுக்க ஒரே வழி நீருக்கடியில் கொண்டுவருவது. தேர்ந்த உடல் கொண்ட முன்னாள் கடற்படை வீரரான சமன் குனான்கூட ஜூலை 6 அன்று உள்ளே உயிரிழந்திருந்தார். நீச்சலே சரியாகத் தெரியாத சிறுவர்களுக்கு முக்குளிப்புக் கற்றுத்தர நேரமில்லை. ஆஸ்திரேலிய மயக்கமருந்து நிபுணர் ரிச்சர்ட் ஹாரிஸ் வேறு வழியில் யோசித்தார். பதற்றத்தைத் தணிக்க அல்ப்ரசோலம், நினைவிழக்கச் செய்ய கெட்டமின், எச்சில் சுரந்து மூச்சுக்குழாயில் போகாமலிருக்க அட்ரோப்பின். கெட்டமினைத் தேர்ந்தெடுத்ததில் பெரும் நுட்பம் இருக்கிறது. பல மயக்க மருந்துகள் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் தாழ்த்துகின்றன, கெட்டமின் இரண்டையும் பெரும்பாலும் காக்கிறது. எச்சிலுக்காகத் தரப்பட்ட அட்ரோப்பினுக்கு வேகஸ் நரம்பின் ஆணையைத் தடுக்கும் இயல்பும் உண்டு. முகம் முழுவதையும் மூடும் முகமூடிக்குள் ஆக்சிஜன் செறிந்த வாயு போய்க்கொண்டிருந்ததால், மூச்சடக்கமும் இல்லை, முகம் நனைவதும் இல்லை. அவர் இப்படி எண்ணித்தான் திட்டமிட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விளைவைப் பார்த்தால், அச்சத்தின் கட்டளை, நீரின் கட்டளை இரண்டுமே அந்தப் பிள்ளைகளின் இதயத்துக்கு ஏறத்தாழப் போய்ச்சேரவில்லை. ஜூலை 8, 9, 10 ஆகிய மூன்று நாட்களில் பதின்மூன்று பேரும் உயிரோடு வந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று மேகாலயாவின் கிழக்கு ஜெயந்தியா மலை மாவட்டத்தில் க்சான் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 15 தொழிலாளர்கள் சிக்கியபோது அப்படி நடக்கவில்லை. எலிவளை எனப்படும் குறுகிய பொந்துகளுக்குள் நம் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களாலும் நுழைய இயலாமல், தொலைவிலிருந்து இயக்கும் கருவியை அனுப்பியே தேட வேண்டியிருந்தது. அங்கே பலியானவர்கள் ஏழைத் தொழிலாளர்கள். தடை செய்யப்பட்ட முறையில் தோண்டிய குழிகளில் வேறு பிழைப்பில்லாமல் இறங்கியவர்கள். தாம் லுவாங் அளவுக்கு உலகம் அவர்களை நினைத்துக்கொள்வதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

மறுபடியும் கிணற்றுக்கு. இங்கே கூரை இல்லை, ஆனாலும் சில கிணறுகளில் பக்கவாட்டுப் பாறையில் குடைந்த பொந்துகளும், குழாய்களும், பழைய கயிறுகளும் சில நொடிக்குக் கூரையாகிவிட முடியும். அதைவிடப் பரவலான ஆபத்து பந்தயத்துக்கு முன் வேகவேகமாகப் பல தடவை மூச்சிழுத்துக்கொள்வது. அதனால் ஆக்சிஜன் கூடுவது மிகச் சொற்பம். மூச்செடு என்று நம்மைத் துரத்துவது ஆக்சிஜன் குறைவு அல்ல, கார்பன் டை ஆக்சைடு மிகுதி. அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் எச்சரிக்கை தாமதமாகிறது, அது வருமுன்பே மூளை ஆக்சிஜன் இல்லாமல் மயங்கிவிடுகிறது. முங்கியவருக்குத் தவிப்பே தெரியாது. கரையில் இருப்பவர்கள் இன்னும் தம் கட்டுகிறான் என்று எண்ணிக் கைதட்டிக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று பிறவியிலேயே வரும் நெடு க்யூடி நோய்க்குறி. துடிப்புக்குப்பின் இதயத்தசை தன் மின்நிலையை மீட்டுக்கொள்ளத் தேவைக்கு அதிகமான நேரம் எடுக்கும் குறை இது. இதன் முதல் வகை உள்ளவர்களுக்கு நீச்சல் குறிப்பிட்டுச் சொல்லத்தக்க ஆபத்து என்பது இதய மருத்துவம் நன்கறிந்த செய்தி. நன்றாக நீந்தத் தெரிந்த திடமான பையன் பழகிய கிணற்றில் சத்தமில்லாமல் மூழ்கும்போது, முனி அடித்துவிட்டது, கிணறு காவு வாங்கிவிட்டது என்று ஊர் சொல்கிறது. நீந்தத் தெரிந்தவன் எப்படி மூழ்கினான் என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தப் பேச்சை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். கேள்வி சரியானது, பதிலை இசிஜி தாளில் தேட வேண்டும். குடும்பத்தில் இளவயதில் காரணம் தெரியாமல் இறந்தவரோ, ஓடும்போது, நீந்தும்போது மயங்கி விழுந்தவரோ இருந்தால், மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை இசிஜி எடுத்துப் பார்ப்பது அரசு மருத்துவமனையிலேயே முடிகிற காரியம்.

இந்த வாதத்தின் பலவீனமான கண்ணி எது என்று கேட்டால், தயங்காமல் காட்டக்கூடிய ஓரிடம் உண்டு. தாளப்பிசகு மின்சாரக் கோளாறு. இதயம் நின்றதும் அந்த மின்சாரமும் மறைந்துவிடும். பிணக்கூறாய்வில் நுரையீரலில் நீர் இருப்பது தெரியும், 'மூழ்கி இறப்பு' என்று எழுதப்படும். முதலில் இதயம் நின்று அதன்பின் நீர் உள்ளே போனதா, நீர் போனதால் இதயம் நின்றதா என்று உடல் சொல்லாது. ஆகவே டிப்டனும் ஷாட்டாக்கும் சொல்வது ஆய்வகத்தில் பார்த்ததிலிருந்து ஊகித்தது, கண்ணெதிரே நிரூபித்தது அல்ல. இதை ஏற்றுக்கொண்டுதான் மேலே செல்ல வேண்டும். ஆனால் அந்த ஐயத்துக்கே ஒரு நடைமுறைப் பயன் இருக்கிறது. கிணற்றிலிருந்து தூக்கிக் கரையில் கிடத்திய ஒருவரின் இதயம் எந்த வழியில் நின்றது என்று அங்கே நிற்பவர் யாருக்கும் தெரியாது என்பதால், இரண்டு வழிகளுக்கும் சேர்த்தே முதலுதவி செய்தாக வேண்டும். ஆக்சிஜன் இல்லாமல் நின்ற இதயத்துக்கு முதல் தேவை மூச்சு. அதனால்தான் மூழ்கியவருக்கு ஐரோப்பிய நெறிமுறை முதலில் ஐந்து தடவை வாய்வழி மூச்சு ஊதச் சொல்கிறது. மின்கோளாறால் நின்ற இதயத்துக்கு, அதிர்வு கொடுக்கும் கருவி வரும்வரை மார்பை அழுத்தி ரத்தத்தை ஓட்டிக்கொண்டிருப்பதுதான் உதவி. நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் முப்பது அழுத்தம், பிறகு இரண்டு மூச்சு, மீண்டும் முப்பது. ஒருவர் 108க்கு அழைக்கட்டும், மற்றவர் கையை எடுக்க வேண்டாம். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும், தோளில் போட்டுச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்றுவதும் நம் ஊர்களில் நல்லெண்ணத்தோடு செய்யப்படுபவை. வயிற்றிலிருந்து வரும் அந்த நீருக்கும் உயிருக்கும் தொடர்பில்லை, அதற்குப் போகும் இரண்டு நிமிடங்களுக்குத்தான் தொடர்பு.